‘நேச்சர் லுக்’ இன்டீரியர் நம்ம ஊர் வெயிலையும் மழையையும் தாங்குமா? விழுப்புரம், திண்டிவனத்தில் வீடு கட்டுறவங்க தெரிஞ்சுக்க வேண்டியவை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அந்த வாரம் எங்கள் வீட்டு ஹாலிலும் சமையலறையிலும் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

தண்ணீர் வடிந்த பிறகுதான் நஷ்டம் என்னவென்று தெரிந்தது. எட்டு மாதம் முன்புதான் ‘நேச்சர் தீம்’ என்று சொல்லி ஒரு மாடுலர் கிச்சன் போட்டிருந்தோம். பார்க்க அசல் தேக்கு ரேகை, தொட்டால் மரம் மாதிரியே சொரசொரப்பு. ஆனால் கீழ் அலமாரிகள் அத்தனையும் டீயில் ஊறிய பிஸ்கெட் மாதிரி உப்பிப்போய், ஒரு கதவுகூட மூடவில்லை. அதே தண்ணீரில் அதே இரண்டு நாள் நின்றது பாட்டியின் பழைய பலாமர பெஞ்ச். அப்பா அதைத் தூக்கித் திண்ணையில் நிழலில் சாய்த்து வைத்தார். பத்து நாளில் காய்ந்தது, துடைத்து எண்ணெய் தடவினோம், இப்போதும் அதில்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

அலமாரி போய்விட்டது. அதற்கான இஎம்ஐ மட்டும் போகவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. இன்ஸ்டாகிராம் ரீல்ஸைப் பார்த்து ‘எங்களுக்கும் இயற்கை மாதிரி ஒரு இன்டீரியர் வேணும்’ என்று கேட்கிற பலருக்கும் கையில் கிடைப்பது இயற்கையின் போட்டோ ஒட்டிய பலகைதான். அப்போ நிஜமாகவே இயற்கையோடு இணைந்த, இருபது முப்பது வருஷம் தாங்குகிற இன்டீரியரை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘இயற்கை சார்ந்த இன்டீரியர்’னா என்ன?

டிசைனர்கள் இதை ‘பயோஃபிலிக் டிசைன்’ என்கிறார்கள். இதில் உள்ள ‘பயோஃபிலியா’ என்ற சொல்லைப் பிரபலமாக்கியவர் அமெரிக்க உயிரியலாளர் எட்வர்ட் ஓ.வில்சன். 1984-ல் அதே தலைப்பில் அவர் எழுதிய நூலின் சாரம் இதுதான்: மற்ற உயிர்கள் மீதும் இயற்கை மீதும் மனிதருக்கு இயல்பாகவே ஓர் ஈர்ப்பு இருக்கிறது.

அதே 1984-ல் ‘சயின்ஸ்’ இதழில் ரோஜர் உல்ரிச் ஓர் ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியாவில் உள்ள ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை அவர் எடுத்துப் பார்த்தார். பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மீதிப் பேருக்குத் தெரிந்தது ஒரு செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தபடி படுத்திருந்தவர்கள் சராசரியாகக் கொஞ்சம் சீக்கிரமே வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகத்தான் தேவைப்பட்டன. சின்ன ஆய்வுதான். ஆனால் இந்தத் துறையில் இன்றும் எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த நோயாளிகள் பார்த்தது ஜன்னலுக்கு வெளியே நின்ற நிஜ மரத்தை. மரம் அச்சடித்த வால்பேப்பரை இல்லை.

அதனால் வீட்டுக்குள் ‘இயற்கை’ என்பதை மூன்று அடுக்காகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் இருக்காது.

* நேரடி இயற்கை: வெளிச்சம், காற்று, நிழல், செடி, மழைச் சத்தம்.
* இயற்கைப் பொருள்: மரம், கல், மண், சுண்ணாம்பு, கோரை, மூங்கில்.
* இயற்கையின் சாயல்: மர ரேகை லேமினேட், மார்பிள் மாதிரி ஷீட், பிளாஸ்டிக் புல், இலை வால்பேப்பர்.

பெரும்பாலான ‘நேச்சர் தீம்’ கொட்டேஷன்களில் பணம் அதிகமாகப் போவது மூன்றாவது அடுக்குக்கு. சீக்கிரம் கெட்டுப்போவதும் அதுதான்.

நம்ம ஊர் வீட்டுக்கு என்னென்ன சோதனை?

ஐரோப்பாவில் எடுத்த போட்டோவைக் காட்டி டிசைன் கேட்கும்போது நாம் மறந்துவிடுவது நம்ம ஊர் வானிலையை. விழுப்புரம் மாவட்ட வீடு ஒவ்வொரு வருஷமும் நான்கு பரீட்சை எழுதுகிறது.

1. வெயில்: அக்னி நட்சத்திர வெயிலில் மொட்டை மாடி கான்கிரீட் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி, ராத்திரி நம் தலைமேல் இறக்குகிறது.
2. மழையும் ஈரமும்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. துணி காயாத நாட்களில் பலகையும் சுவரும்கூடக் காயாது.
3. உப்புக் காற்று: மரக்காணம் உப்பளங்கள் பக்கம் போனால் தெரியும். கடலை நெருங்க நெருங்க கீல், ஆணி, டிராயர் சேனல் எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும்.
4. கரையான்: ஈரமும் மரமும் சேர்ந்த இடத்தில் அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எந்தப் பொருள் நிலைக்கும் என்ற கேள்வி இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை. விழுப்புரத்தில் இருந்து செஞ்சி போகும் பக்கம் உள்ள மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் இந்தக் கோயிலை எடுத்ததாக ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கே கல்வெட்டு வெட்டி வைத்துவிட்டார்கள். அதற்காக யாரும் நம்மைப் பாறையைக் குடைந்து குடியிருக்கச் சொல்லவில்லை. ஆனால் அழகுக்கு முன்னால் ‘இது என்ன பொருள், எத்தனை நாள் நிற்கும்’ என்று கேட்பதில் தப்பே இல்லை.

மரம் மாதிரி இருக்கிறதெல்லாம் மரமா?

இன்டீரியர் பட்ஜெட்டில் பெரிய தொகையை விழுங்குவது அலமாரியும் கிச்சனும். அங்கே பயன்படுத்தும் பலகைகளைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

* பார்ட்டிகிள் போர்டு: மரத்தூள், சிராய்களைப் பசையில் சேர்த்து அழுத்தியது. விலை குறைவு. தண்ணீர் பட்டால் உப்பும், ஸ்க்ரூ பிடிப்பு விடும். ஒருமுறை உப்பினால் பழைய நிலைக்கு வராது.
* எம்டிஎஃப்: இன்னும் நைசான மர நாரில் செய்தது. பெயின்ட்டுக்கும் டிசைன் வெட்டுக்கும் அருமை. ஈரம் மட்டும் ஆகாது.
* எச்டிஎச்எம்ஆர்: அதன் அடர்த்தியான அண்ணன். ஈரப்பதத்தைத் தாங்கும். தண்ணீரிலேயே நின்றால் தாங்கும் என்று அர்த்தம் இல்லை.
* ப்ளைவுட்: மெல்லிய மரத் தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியது. இதில் எம்ஆர் கிரேடு, ஈரக்காற்று படும் படுக்கையறை, ஹாலுக்கு. சிங்க் பக்கம், குளியலறைக்கு வெளியே போன்ற இடங்களுக்குக் கொதிநீர்ச் சோதனையைத் தாங்கும் பிடபிள்யூபி கிரேடு. இதைத்தான் கடையில் மரைன் ப்ளை என்பார்கள். இதற்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 710.
* டபிள்யூபிசி, பிவிசி போர்டு: தண்ணீருக்கும் கரையானுக்கும் பயப்படாது. ஆனால் இது பிளாஸ்டிக் வகை. அடுப்புக்கு மிக அருகில் வைத்தால் சூட்டில் இளகலாம். ‘நேச்சுரல்’ என்ற பெயரில் இதை விற்றால் சிரித்துக்கொள்ளுங்கள்.
* முழு மரம்: தேக்கு, வேம்பு, பலா, பூவரசு, வாகை. விலையும் வேலையும் அதிகம். ஆனால் நனைந்தால் காயவைக்கலாம், தேய்ந்தால் இழைக்கலாம், உடைந்தால் ஒட்டலாம்.

கடையில் ‘ஐஎஸ்ஐ இருக்கு சார்’ என்று சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். பலகையில் அச்சிட்டிருக்கும் ‘சிஎம்/எல்’ உரிம எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால், அந்த உரிமம் யாருடையது, இப்போது செல்லுபடியாகுமா என்று போனிலேயே தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம், பலகையின் வாசனை. புது அலமாரியைத் திறந்தால் கண் எரிகிறதா? பலகைகளை ஒட்டப் பயன்படும் பசையில் இருந்து வரும் ஃபார்மால்டிஹைடு காரணமாக இருக்கலாம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. சூடும் ஈரமும் கூடினால் இது வெளியேறும் அளவும் கூடும். அதாவது, நம்ம ஊருக்கு இது கொஞ்சம் கூடுதல் கவலை. பலகை வாங்கும்போது ‘இ1’ அல்லது அதைவிடக் குறைவான ‘இ0’ கிரேடா என்று கேளுங்கள். வேலை முடிந்ததும் உடனே குடிபோகாமல் சில வாரம் ஜன்னல்களைத் திறந்து போடுங்கள். வெட்டிய ஓரங்கள் எல்லாம் முழுசாக மூடி ஒட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் உள்ளே போவதும் வாயு வெளியே வருவதும் அந்த ஓரங்கள் வழியாகத்தான்.

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வேலை

திண்டிவனம் என்ற பெயரே ‘திந்திரிணி வனம்’, அதாவது புளியங்காடு என்பதில் இருந்து வந்தது என்பார்கள். அந்தப் புளியமரம் இன்றும் ஒரு வேலையை விட்டுக்கொடுக்கவில்லை. எந்தக் கறிக்கடைக்கும் போய்ப் பாருங்கள், வெட்டுகிற கட்டை புளியமரம். அவ்வளவு கெட்டி, அவ்வளவு சீக்கிரம் பிளக்காது. எண்ணெய் ஆட்டும் மரச்செக்குக்கு வாகை. பூச்சி அரிக்கக் கூடாத கதவு, நிலைக்கு வேம்பு அல்லது தேக்கு. பெஞ்ச், பெட்டிக்குப் பலா.

நம்ம ஊர் ஆசாரிகள் மரத்தை அழகைப் பார்த்து மட்டும் எடுப்பதில்லை. ‘எந்த இடத்துக்கு, என்ன வேலைக்கு’ என்று கேட்டுத்தான் எடுப்பார்கள். நீங்களும் வீடு முழுக்க ஒரே மரம், ஒரே கலர் என்று அடம்பிடிக்க வேண்டியதில்லை. மரம் நன்றாகக் காய்ந்து பதமானதா என்பதை மட்டும் விடாமல் கேளுங்கள். ஈர மரத்தில் செய்த கதவு முதல் கோடையிலேயே வளையும்.

‘மரம் பயன்படுத்தினா காட்டை அழிக்கிற மாதிரி ஆகாதா?’ என்று கேட்பவர்களுக்குப் பழைய மரம் நல்ல பதில். இடிக்கிற வீடுகளில் இருந்து வரும் தேக்குக் கதவு, ஜன்னல், தூண்கள் புதுச்சேரி, ஆரோவில் பக்கமுள்ள பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். பல வருஷம் காய்ந்த மரம் என்பதால் இனி வளைய வாய்ப்பு குறைவு. வாங்கும்போது ஆசாரியைக் கூட அழைத்துப் போங்கள். பெயின்ட்டுக்கு அடியில் புழு அரித்த ஓட்டை இருக்கிறதா என்பது அவர் தட்டிப் பார்த்தாலே தெரியும்.

பழைய வீடுகளின் கூரையில் பனங்கைகளைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே தமிழக அரசு அறிவித்துவிட்டது.

கிச்சனுக்குக் கடப்பா கல்: பழைய ஐடியா, சரியான ஐடியா

நம் அம்மா, பாட்டி வீட்டுச் சமையலறை மேடைக்குக் கீழே பார்த்தால் கறுப்பாகக் கடப்பா கல் தட்டுகள் இருக்கும். ‘ஓல்டு ஃபேஷன்’ என்று முதலில் உடைத்துத் தள்ளப்படுவது அதுதான். உண்மையில் வெள்ளம் வரக்கூடிய ஊருக்கு அதைவிட நல்ல கீழ் அலமாரி கிடையாது.

யோசித்துப் பாருங்கள். மாடுலர் கிச்சனில் பெட்டியும் பலகை, கதவும் பலகை. தண்ணீர் வந்தால் இரண்டும் போச்சு. கடப்பா கல் தட்டில் பெட்டி கல். முன்னால் மாட்டும் கதவு மட்டும் மரம் அல்லது நல்ல ப்ளைவுட். மோசமான மழைக்காலம் வந்தாலும் நாலு கதவைக் கழற்றிக் காயவைத்தால் முடிந்தது. கெட்டுப்போனாலும் கதவை மட்டும் மாற்றினால் போதும்.

மாடுலர்தான் வேண்டும் என்றால், பெட்டிகள் தரையைத் தொடாமல் கால்கள் வைத்துத் தூக்கி நிறுத்தச் சொல்லுங்கள். கீல், சேனல் எல்லாம் துருப்பிடிக்காத ஸ்டீலில் கேளுங்கள். மரக்காணம் பக்கம் வீடு என்றால் இது கட்டாயம்.

சுவரில் ஓதம் இருந்தால் பேனல் அடிக்கலாமா?

கூடவே கூடாது. ஓதம் ஏறிய சுவரை மறைக்க மரப் பேனல், ஸ்டோன் ஷீட், வால்பேப்பர் எதை ஒட்டினாலும், பின்னால் ஈரம் அப்படியேதான் இருக்கும். கொஞ்ச நாளில் பூஞ்சை, அதற்கப்புறம் கரையான். முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். குளியலறைக் குழாயா, மாடித் தண்ணீரா, அஸ்திவாரத்தில் இருந்து ஏறுகிறதா? அதைச் சரிசெய்யாமல் செய்யும் எந்த அலங்காரமும் காசை ஈரச் சுவரில் ஒட்டுவதுதான்.

இதற்கு அடுத்து சுண்ணாம்பு. பொங்கலுக்கு வெள்ளையடித்த தலைமுறைக்கு இதன் அருமை தெரியும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் இருப்பதால் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழி இருக்கும். காரத்தன்மை அதிகம் என்பதால் பூஞ்சையும் எளிதில் பிடிக்காது. பிளாஸ்டிக் பெயின்ட் சுவரை மூடிவிடுவதால்தான் ஓதம் இருக்கும் இடத்தில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்புகிறது.

ஒரு சிக்கல் இருக்கிறது. ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு நேரடியாக ஒட்டாது. பழைய பெயின்ட்டைச் சுரண்டி எடுக்க வேண்டும். அதனால் புது வீடு கட்டுபவர்கள் முதலிலேயே முடிவு செய்துவிட்டால் செலவு மிச்சம்.

தரைக்கு எது?

* சிவப்பு சிமென்ட் தரை: ரெட் ஆக்சைடு என்றால் எல்லோருக்கும் தெரியும். வெறுங்காலில் நடக்கக் குளுமையாக இருக்கும், வருஷம் ஆக ஆகப் பளபளப்பு கூடும். ஆனால் கை பழகிய கொத்தனார் வேண்டும். அவசரப்பட்டுப் போட்டு, சரியாகத் தண்ணீர் கட்டாமல் விட்டால் வெடிக்கும்.
* ஆத்தங்குடி டைல்ஸ்: சிவகங்கை மாவட்டம் ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றிக் கையால் செய்வது. சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். சிமென்ட் சேர்ந்தது என்பதால் ஆசிட் ஊற்றிக் கழுவினால் நிறம் போகும். புளி, எலுமிச்சைக் கறையும் ஆகாது. ஹாலுக்கு அருமை, கிச்சனுக்கு யோசிக்கணும்.
* கிரானைட், கடப்பா: தேயாது, தண்ணீருக்கு அசராது. ஆனால் கல் திரும்ப முளைக்காது. திருவக்கரை போய்ப் பார்த்தால் ஒரு பக்கம் சுமார் 2 கோடி ஆண்டு பழைய கல்மரங்கள் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. அதே வட்டாரத்தில் கல் குவாரிகள் பூமியைத் தோண்டிக்கொண்டே போகின்றன. கல்லைத் தேவையான இடத்துக்கு மட்டும் பயன்படுத்தலாம்.
* மரத்தரை மாதிரி லேமினேட்: அடியில் இருப்பது பெரும்பாலும் அழுத்திய மரநார்ப் பலகை. தரைத்தளத்தில், ஈரம் ஏறும் வீட்டில் போடவே போடாதீர்கள்.

காற்றும் வெளிச்சமும்: காசு குறைவு, பலன் அதிகம்

விழுப்புரத்தில் இருந்து 40 கி.மீ. தூரத்தில் புதுச்சேரியில் ‘கோல்கொண்டே’ என்ற ஆசிரம விடுதி இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்தது. பின்னாளில் மரச்சாமான் வடிவமைப்பில் உலகப் புகழ்பெற்ற ஜார்ஜ் நகாஷிமாவும் அதில் வேலை செய்தார். 1930-களில் தொடங்கி 1940-களில் முடிந்த கட்டடம். வெளிப்பக்கம் சுவருக்குப் பதிலாகத் தரையில் இருந்து கூரை வரை திறந்து மூடும் லூவர் பட்டைகள், உள்ளே காற்று புகும்படி இடைவெளி விட்ட தேக்குக் கதவுகள், கால் வைத்தால் ஜில்லென்ற கறுப்புக் கல் தரை. ஏசி இல்லாமல் இந்தக் கடலோர வெயிலில் வாழ முடியும் என்று அது இன்றும் காட்டுகிறது.

அவ்வளவு பெரிசா நம்மால முடியாதுதான். ஆனால் இதெல்லாம் முடியும்:

* எதிரெதிரே இரண்டு ஜன்னல் இருந்தால்தான் காற்று ஓடும். அதில் ஒன்றை மறைத்து வார்ட்ரோப் வைக்காதீர்கள்.
* மேற்குச் சுவர்தான் சாயங்கால வெயிலை வாங்கும். அந்தப் பக்கம் அலமாரி, ஸ்டோர் ரூம், வெளியே ஒரு மரம் இருக்கட்டும். படுக்கையறைக்கு அந்தப் பக்கத்தைத் தவிருங்கள்.
* திரைச்சீலை உள்ளே போட்டால் சூடு ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வந்திருக்கும். மூங்கில் தட்டியை ஜன்னலுக்கு வெளியே கட்டினால் வெயில் வெளியிலேயே நின்றுவிடும்.
* வறண்ட கோடை மதியங்களில் வெட்டிவேர் தட்டியை நனைத்துத் தொங்கவிட்டால் நன்றாகவே குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் இருக்கும் நாட்களில் பெரிதாக வேலை செய்யாது.
* ஃபால்ஸ் சீலிங் போடுவதற்கு முன்னால் மாடியில் ஏறிப் பாருங்கள். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே சூடு குறையும். ஒழுகுகிற கூரைக்குக் கீழே ஜிப்சம் சீலிங் போட்டால் இரண்டாவது மழையிலேயே பழுப்பு வட்டம் தெரியும்.

செடி வைத்தால் காற்று சுத்தமாகுமா?

‘நாசாவே சொல்லிருக்கு’ என்று ஒரு ஃபார்வர்டு வந்திருக்குமே! நாசாவின் 1989 ஆய்வு உண்மைதான். ஆனால் அது காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள் நடந்த சோதனை. இப்படிப் பல வருஷமாக நடந்த சோதனைகளை எடுத்து அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2019-ல் கணக்குப் போட்டார்கள். சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டும் என்றால், ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை தேவைப்படும் என்று தெரிந்தது. வீட்டில் நமக்கு இடம் இருக்காது!

அதனால் செடி வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. கண்ணுக்குக் குளிர்ச்சி, மனசுக்கு ஆறுதல், ஜன்னலில் நிழல். இதற்காகவே வைக்கலாம். காற்றுக்கு ஜன்னலைத் திறங்கள். தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கவிட்டால் கொசுவும் கூடவே குடிவரும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்ம மாவட்டத்திலேயே இருக்கும் பாடம்: ஆரோவில் மண் கல்

1968-ல் தொடங்கிய ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே இயங்கும் ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் பல ஆண்டுகளாக அழுத்திய மண் கற்களில் கட்டடம் கட்டவும், கட்டக் கற்றுக்கொடுக்கவும் செய்கிறது. லேசான ஈரமுள்ள மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, நான்கு வாரம் பதப்படுத்துகிறார்கள். சூளை கிடையாது, அதனால் விறகும் புகையும் கிடையாது. இந்தக் கல்லில் கட்டிய ஆரோவில் பார்வையாளர் மையத்துக்கு 1992-ல் ஹசன் ஃபாத்தி விருது கிடைத்தது. ஏழைகளுக்கான கட்டடக்கலை என்ற பிரிவில் தரப்படும் விருது அது.

இன்டீரியருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இந்தச் சுவருக்கு உள்ளே பூச்சும் வேண்டாம், பேனலும் வேண்டாம். மண்ணின் நிறமே அலங்காரம். அதற்கு மேல் ஒட்டும் ‘எர்த்தி டெக்ஸ்சர்’ ஷீட்டின் செலவு மிச்சம்.

ஆனால் எல்லா மண்ணும் ஆகாது, மேல்மண் ஆகவே ஆகாது, மண்ணைச் சோதித்துப் பார்க்கணும். தண்ணீர் தேங்கும் மனையில் அடித்தளத்தை உயர்த்திக் கட்டாமல் மண் கல்லில் இறங்க வேண்டாம். யோசனை இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்வையாளர் மையத்துச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

அலங்காரப் பொருளுக்கும் தூரம் போக வேண்டியதில்லை. 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சியின் மரச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் புதுச்சேரி வில்லியனூர் சுடுமண் வேலைப்பாடுகளுக்கும் இருக்கிறது. ஆன்லைனில் வாங்கும் ஃபைபர் புத்தருக்குப் பதிலாக வில்லியனூர்க் குதிரை ஒன்று வரவேற்பறையில் நின்றால் அதற்குச் சொல்ல ஒரு ஊர் இருக்கும்.

பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது?

1. முதலில் தண்ணீர்: கூரை ஒழுகல், ஓதம், வடிகால், வாசல்படி உயரம்.
2. அடுத்து காற்று, வெளிச்சம், நிழல்.
3. பிறகு தினமும் தண்ணீர் படும் இடங்கள்: கிச்சன் கீழ்ப்பகுதி, குளியலறைக் கதவு, தரை.
4. அதற்கப்புறம் அலமாரி, கட்டில், மேசை.
5. கடைசியாக அலங்காரம்.

கொட்டேஷன்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகத்தான் அடுக்கியிருக்கும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது: சுவரில் ஒட்டுவதைத் தவிர்த்து, தூக்கிக்கொண்டு போகக்கூடிய மர மேசை, கோரைப்பாய், மூங்கில் தட்டி, மண் தொட்டி ஆகியவற்றில் செலவு செய்யுங்கள்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. உள்ளே இருக்கும் பலகை என்ன? கிரேடு, ஐஎஸ் எண், பிராண்ட் மூன்றும் கொட்டேஷனில் எழுத்தில் இருக்கிறதா?
2. இரண்டு நாள் தண்ணீரில் நின்றால் இது என்ன ஆகும்?
3. இந்த ஊர் ஆசாரியோ கொத்தனாரோ இதை ரிப்பேர் செய்ய முடியுமா, இல்லை கம்பெனி ஆள்தான் வரணுமா?
4. ஒரு கதவு மட்டும் கெட்டால் அதை மட்டும் மாற்றலாமா?
5. வாரன்ட்டியில் ‘தண்ணீரால் ஏற்படும் சேதம்’ சேருமா?
6. வெட்டிய ஒரு சாம்பிள் துண்டு தருவீர்களா?

ஆறாவதுதான் முக்கியம். வாங்கி வந்த துண்டை ராத்திரி ஒரு வாளித் தண்ணீரில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். காலையில் எழுந்து பார்த்தாலே எந்த பிரவுச்சரும் சொல்லாத பதில் கிடைத்துவிடும். எங்கள் வீட்டில் அப்போது இதைச் செய்யத் தோன்றவில்லை.

இப்போது எங்கள் கிச்சனில் மேடைக்குக் கீழே கடப்பா கல். முன்னால் தெரு முனை ஆசாரி செய்து மாட்டிய வேப்பமரக் கதவுகள். ரீல்ஸ் போடுகிற மாதிரி இல்லை என்று தங்கை சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் அடுத்த புயல் எச்சரிக்கை வந்தால் நாங்கள் செய்ய வேண்டியது நாலு கதவைக் கழற்றி மாடியில் வைப்பது மட்டும்தான். பெஞ்ச் கீழேயே இருக்கட்டும், அது பார்த்துக்கொள்ளும்.